ஏரியலும் இடியும்

மலர்க் குழுவிலிருந்து போன். "நீதான் ஹாஸ்டல்ல ராத்திரியெல்லாம் ஹாம் ரேடியோவைக் கட்டிக்கிட்டு கெடந்தவனாச்சே, அதோட வரலாறு ஒண்ணு எழுதுடா" என்றான் வகுப்புத் தோழன். சரி என்றேன். ஆனால் என் ரேடியோ கருகின கதையிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

என் ஊர் மூங்கில்துறைப்பட்டு. தென்பெண்ணைக் கரை, கூட்டுறவு சர்க்கரை ஆலை என்றால் பலருக்குத் தெரியும். அப்போது விழுப்புரம் மாவட்டம், 2019 முதல் கள்ளக்குறிச்சி. கோடையில் பகலெல்லாம் கொளுத்திவிட்டு, சாயங்காலம் கல்வராயன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் ஊரே துணி எடுக்க ஓடும். 2017 மே மாதம் லீவில் போயிருந்தபோது மாடியில் இரும்புக் குழாய் நட்டு, 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு டைபோல் ஆன்டெனா கட்டினேன். குழாய்க்குத் தனியாக எர்த் குழியும் தோண்டினேன். 'எஞ்சினியர் ஆச்சே!'

அன்று சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான் இல்லை, அக்கா மகன். தூரத்து மின்னல் ஒவ்வொன்றும் காதில் கரகரவென்று விழுவதை ரசித்துக்கொண்டிருந்தான். பாட்டி, "இடி இடிக்குது, அந்தக் கருமத்தைக் கழட்டி வச்சிட்டு உள்ள வாடா" என்று சத்தம் போட்டாள். முனகிக்கொண்டே எழுந்து போனான். ஐந்து நிமிஷம் இருக்கும். கொல்லையில் தென்னை மரத்தில் இடி விழுந்தது. ஆன்டெனாவைத் தொடவே இல்லை. ஆனால் ரேடியோ செத்தது, பவர் சப்ளை செத்தது, டிவியும் போனது. கோஆக்ஸ் கேபிளின் பிளக் கரிக்கட்டையாக இருந்தது.

எப்படி? சாதாரண மின்னலிலேயே சுமார் 30,000 ஆம்பியர் பாயும். மரத்தின் வழியாக அது மண்ணில் இறங்கும்போது, அந்த இடத்து மண்ணின் மின்னழுத்தம் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு எகிறும். தள்ளிப் போகப் போகக் குறையும். என் குழாயின் எர்த் ஒரு இடத்தில், வீட்டு ஈ.பி. எர்த் வேறு இடத்தில். இரண்டுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம். இரண்டையும் இணைத்த ஒரே பாதை என் ரேடியோ. பாதுகாப்புக்குத் தோண்டிய குழியே வினையாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் பழைய கதைகளைத் தேடிப் படித்தேன். மின்னலை ஆராய 1752-இல் பிரான்ஸில் உயரமான கம்பி நட்டுப் பார்த்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிச்மன் என்ற பேராசிரியரும் தன் வீட்டுக் கூரையிலிருந்து அறைக்குள் ஒரு கம்பியை இறக்கினார். மின்சாரத்தை அளக்க வேண்டும் என்பதால் அதை வேண்டுமென்றே மண்ணில் சேர்க்கவில்லை. 1753 ஆகஸ்டில் அறிவியல் கழகக் கூட்டத்தில் இருந்தவர் இடிச் சத்தம் கேட்டு வீட்டுக்கு ஓடினார். கருவியைக் குனிந்து பார்த்தபோது நெற்றியில் அடித்தது. அங்கேயே முடிந்தார். கூட இருந்த சித்திரச் செதுக்காளர் மயங்கி விழுந்து பிழைத்தார். இதைப் படித்த அன்று எனக்கு ஹெட்போன்தான் ஞாபகம் வந்தது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அதே ஊரில் 142 வருஷம் கழித்து, 1895 மே 7 அன்று, போப்போவ் ஒரு கருவியைக் காட்டினார். தூரத்தில் மின்னினால் மணி அடிக்கும். அதற்கும் ஒரு கம்பிதான் காது. ரேடியோவின் முன்னோடிகளில் ஒன்று பேச்சையோ பாட்டையோ கேட்கச் செய்ததல்ல, இடியைக் கேட்கச் செய்தது. நாம் இன்று தொல்லை என்று திட்டுகிற கரகரப்புதான் அது பிடித்த முதல் ஸ்டேஷன்!

நம் பக்கத்துக்கு வருவோம். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. பணமில்லாமல் 1927-இல் நின்றது. டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-இல் மறுபடி குரல் கொடுத்தது. அந்த நாள் ரேடியோ கேட்க வெளியே நீள ஏரியல் வேண்டும். அதனால் ஏரியல் கட்டும் விதம் சொன்ன புத்தகங்கள், எர்த் சுவிட்ச் வைக்கும் விதத்தையும் சேர்த்தே சொல்லும். வால்வு செட் கொஞ்சம் அதிர்ச்சி தாங்கும், டிரான்சிஸ்டர் தாங்காது. அப்படியும் அவர்கள் சுவிட்ச் வைத்தார்கள், நாம் விட்டுவிட்டோம்.

எங்கள் தாத்தாவின் வால்வு ரேடியோவுக்கும் ஜன்னலோரம் பீங்கான் அடியில் ஒரு கத்திச் சுவிட்ச் இருந்ததாம். இடி இடித்தால் "அர்ஜுனா, அர்ஜுனா" என்று சொல்லிக்கொண்டே பாட்டிதான் அதை எர்த் பக்கம் தள்ளுவாளாம். தாத்தாவுக்கு அந்த வேலையே கிடையாது. அவள் அன்று பையனை எழுப்பியது வெறும் பயத்தில் இல்லை, பழக்கத்தில்.

இப்போது இரண்டு எர்த்தையும் தடித்த செம்புப் பட்டையால் இணைத்திருக்கிறேன். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேஸ் டிஸ்சார்ஜ் அரெஸ்டர் வைத்து, அதையும் அதே எர்த்தில் சேர்த்தேன். இதெல்லாம் இருந்தாலும் பக்கத்தில் விழுந்தால் உத்தரவாதம் கிடையாது. கேபிளைக் கழற்றி வெளியே போட்டுவிடுவதுதான் நிச்சயம், அதுவும் இடி நெருங்குவதற்கு முன்னால். தலைக்குமேல் முழங்கும்போது அந்தக் கேபிளைத் தொடவே கூடாது. புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' ஆப் போனிலேயே எச்சரிக்கிறது. ஹாஸ்டல் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்ட ஆசைப்படும் தம்பி தங்கைகள் முதலில் கட்டடத்தின் எர்த் எங்கே இருக்கிறதென்று எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கேளுங்கள். டைபோல் அளவை அப்புறம் பார்க்கலாம்.

பாட்டி இப்போது இல்லை. பரணில் தேடி அந்தக் கத்திச் சுவிட்ச்சை எடுத்தேன். பீங்கானில் ஒரு விரிசல், செம்பு மட்டும் பளபளவென்று இருக்கிறது. புதுக் கருவிக்கு அது ஒத்துவராது. ரேடியோ மேஜையில் வைத்திருக்கிறேன். மலைப் பக்கம் கறுத்ததும் அக்கா மகனே கேபிளைக் கழற்றப் போய்விடுகிறான்.