நாலு போன், நாலு திசை: ஒரு டப்பாவைத் தேடிய கதை

போன மாசம் நாங்க நாலு பேர் செங்கல்பட்டு பக்கம் ஒரு குன்றுக்கு ஜியோகேச்சிங் போனோம். இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு: யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவை ஒளிச்சு வெச்சு, அந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மத்தவங்க ஜிபிஎஸ் உதவியோட தேடிப் போய், உள்ளே இருக்கிற தாளில் பேரெழுதிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்கணும்.

குன்றுக்குக் கீழே நின்னப்போ நாலு போனும் நாலு திசை காட்டின. ஒண்ணு பாறை மேல ஏறச் சொன்னது. இன்னொண்ணு முள்ளுக்குள்ள போகச் சொன்னது. ரெண்டு மணி நேரம் வெயிலில் சுத்தினோம். "இன்னிக்குக் கிடைக்கலேன்னா இனிமே என்னைக் கூப்பிடாதீங்கடா"ன்னு ஒருத்தன் பாறையில் உட்கார்ந்துட்டான்.

வேடிக்கை என்னன்னா, இந்த விளையாட்டு பிறந்ததே ஜிபிஎஸ்ஸின் ஒரு பிழையை நீக்கினதாலதான். அதுவும் வேணும்னே புகுத்தின பிழை!

ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. 1983 செப்டம்பர் 1 அன்று, வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, ஜிபிஎஸ் தயாரானதும் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று ரீகன் அரசு அறிவித்தது. ஆனா எதிரிகளுக்கும் அது உதவிடக் கூடாதே! அதனால பொதுமக்களுக்கான சிக்னலில் பிழையைக் கலந்தார்கள். 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். வளைகுடாப் போரில் ராணுவக் கருவிகள் போதாம, வீரர்களே கடையில் விற்கிற கருவிகளைப் பயன்படுத்த வேண்டி வந்தது. அப்போ கொஞ்ச காலம் அந்தப் பிழையை நிறுத்தி வெச்சாங்க!

2000 மே 1 அன்று அதிபர் கிளின்டன் அந்தப் பிழையை அடியோடு நீக்குவதாக அறிவித்தார். அன்னிக்கு ராத்திரியே உலகம் முழுக்க இருந்த கருவிகள் சுமார் பத்து மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே காட்டோரம் ஒரு கறுப்பு வாளியை வெச்சார். உள்ளே புத்தகம், மென்பொருள், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ்! இடத்தின் எண்களை இணையக் குழு ஒன்றில் போட்டார். மூணே நாளில் ரெண்டு பேர் கண்டுபிடிச்சுட்டாங்க. அந்த மாசக் கடைசியிலேயே 'ஜியோகேச்சிங்' என்ற பெயரும் வந்துடுச்சு.

வேணும்னு செஞ்ச பிழை போச்சு. இயற்கையான பிழை போகலை. செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கேயிருந்து வர்ற மெல்லிய சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பினா, நேரா வந்ததா சுத்தி வந்ததான்னு போனுக்குத் தெரியாது. குன்றுகிட்ட எங்க அம்புக்குறிகள் ஆடினதுக்கு அதுதான் காரணம்.

இது ஞாபகம் வந்ததும் ஒரு யோசனை தோணிச்சு. நாலு பேரும் அவங்கவங்க போன் காட்டின இடத்தில் போய் நின்னோம். நாலுக்கும் நடுவுல தோராயமா ஒரு புள்ளி. போனைப் பையில் போட்டுட்டு, அங்கேயிருந்து கண்ணாலேயே தேடினோம். ஒரு வேப்பமர வேருக்குப் பக்கத்தில் மூணு கல் கொஞ்சம் ஒழுங்கா அடுக்கியிருந்தது. கல்லு தானா அப்படி அடுக்கிக்காது இல்லையா?

டப்பாவை வெளியே எடுத்தது, "கூப்பிடாதீங்க"ன்னு சொன்னவன்தான். தாளில் முதல் பேரும் அவனுதுதான். அடுத்த டப்பா எங்கேன்னு நேத்து ராத்திரி அவனே போன் பண்ணிக் கேட்டான்.