விண்வெளிப் பொறியியலும் எமது மாணவர்களும்

பொரளை கனத்தை மயானத்தில் 2008ஆம் ஆண்டு மார்ச் மாதம் நல்லடக்கம் செய்யப்பட்ட சேர் ஆதர் சி. கிளார்க், செய்மதிகள் வாயிலாக உலகெங்கும் தகவல் அனுப்பலாமென 1945ஆம் ஆண்டிலேயே எழுதியவராவார். 1956ஆம் ஆண்டு முதல் இலங்கையில் வாழ்ந்த அவரது பெயரில் கட்டுபெத்தையில் நவீன தொழில்நுட்ப நிறுவகமொன்றும் இயங்கி வருகின்றது. எனினும், இலங்கையர் தமது கரங்களாலேயே உருவாக்கிய முதலாவது செய்மதியைக் காண நாம் 2019ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

'இராவணா-1' எனும் அச்செய்மதியை, ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் பயின்ற தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகியோர் உருவாக்கினர். ஜப்பானும் நேபாளமும் பங்கேற்ற 'பேர்ட்ஸ்-3' திட்டத்தின் கீழ் அமைந்த இது, ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையுடையது. பக்கமொன்று சுமார் 10 சென்ரிமீற்றர். இலங்கை நேரப்படி 2019 ஏப்ரல் 18 அதிகாலை அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, ஜூன் 17ஆம் திகதி சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுப்பாதையில் விடப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வளிமண்டலத்தினுள் எரிந்து அதன் பணி முடிவுற்றது.

செய்மதி எரிந்தாலும், அதனை ஆக்கியவர்கள் பெற்ற பயிற்சி எஞ்சியிருக்கின்றது. ரொக்கெட்டின் அதிர்வை ஒவ்வோர் இணைப்பும் தாங்க வேண்டும். காற்றில்லா வெளியில் வெப்பத்தைக் காற்று அகற்றாது. கடத்தலும் கதிர்வீச்சுமே வழி. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கொரு முறை பூமியைச் சுற்றுகையில் வெயிலும் நிழலும் மாறி மாறி வரும். பழுதுற்றால் திருத்துவதற்கு எவருமில்லை. ஆகவே, வடிவமைத்தல், பொருத்துதல், வெற்றிட அறையிலும் அதிர்வு மேடையிலும் சோதித்தல் ஆகிய யாவும் செய்து பழக வேண்டியவையாகும். ஏட்டுக் கல்வி மாத்திரம் இதற்குப் போதாது.

இத்தகைய பயிற்சிக்கு எமது மாணவர்கள் கடல் கடந்தே செல்ல வேண்டுமா என்பதே எமது வினாவாகும். மொரட்டுவை, பேராதனை மாத்திரமன்றி, கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஒலுவிலிலும் இன்று பொறியியல் பீடங்கள் உள்ளன. இப்பீடங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கும் ஏனையோருக்கும், கட்டுபெத்தை நிறுவகத்தில் செய்மதிப் பாகங்களை வடிவமைக்கும் கைத்தொழிற் பயிற்சி இடங்கள் ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டு, தகுதியின் அடிப்படையில் வழங்கப்படல் வேண்டும். மும்மொழிகளிலும் அவ்வறிவித்தல் வெளிவருவதும் அவசியமாகும்.

கிளார்க்கின் பெயரை ஒரு நிறுவகத்துக்குச் சூட்டுவது எளிது. அவரது கனவில் இந்நாட்டின் எல்லா மாணவர்களுக்கும் பங்களிப்பதே அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.