காணாத பொருளும் கரகத் திருவிழாவும்

கண்ணுக்குப் புலப்படும் பொருளை நம்புதற்குப் பயிற்சி வேண்டா. எதிரே நிற்கும் மரத்தை மரமன்று என்பார் எவரும் இலர். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை நம்பி, அந்நம்பிக்கையின்மீது தன் வாழ்வையே நிறுத்துதற்குத்தான் நெடும்பயிற்சி வேண்டும். அப்பயிற்சியில் ஒருவன் அடையும் முதிர்ச்சியையே ஆன்மிக வளர்ச்சி என்று நம் முன்னோர் கொண்டனர். இவ்வுண்மையை நூல்களிற் கற்பார் பலர். நாம் குடியேறி வாழும் இப்பெங்களூரிலோ, ஆண்டுக்கு ஓர் இரவு, அதனை வீதியிலேயே காணலாம். அதுவே தருமராயர் கோயிற் கரகத் திருவிழா.

கரகமும் திகளரும்

கரகம் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. நீர் கொள்ளும் சிறு கலத்தைக் கரகம் என்றனர் பழந்தமிழர். அந்தணர்க்குரிய பொருள்களுள் ஒன்றாகத் தொல்காப்பியத்து மரபியல் அதனை எண்ணுகின்றது. அம்மன் விழாக்களில் தலைமேற் கரகம் ஏந்தும் வழக்கத்தைத் தமிழகத்துச் சிற்றூர்கள் அனைத்தும் அறியும்.

பெங்களூரில் இவ்விழாவுக்கு உரியோர் திகளர் எனப்படும் மக்கள். கன்னட நாட்டார் தமிழரைத் 'திகுளர்' என்று வழங்கிய பழம்பெயரின் திரிபே இது என்பர். இவர்கள் தங்களை அக்கினி குலத்தார் என்பர். வேள்வித் தீயிற் பிறந்த திரௌபதியே இவர்தம் குலதெய்வம். தோட்டம் இடுதலும், பூவும் காயும் விளைத்தலும் இவர்தம் தொழில். 1760ஆம் ஆண்டில் ஐதரலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது இம்மக்களின் கைவண்மை துணைநின்றது என்பது வழிவழிச் செய்தி.

இந்நிலத்தில் தமிழரின் வரவு அதனினும் மிகப் பழையது. 11ஆம் நூற்றாண்டில் சோழர் இப்பகுதியை வென்று 'நிகரிலிச் சோழமண்டலம்' என்று பெயரிட்டனர். தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிற் சுவர்களிலே தமிழ்க் கல்வெட்டுக்களை இன்றும் காணலாம். கெம்பெகவுடர் 1537ஆம் ஆண்டில் பேட்டையும் கோட்டையும் அமைத்தற்கு முன்னரே தமிழ் இங்குக் கல்லில் ஏறியிருந்தது.

இருளை வென்ற அன்னை

விழாவின் வரலாறாகத் திகளர் கூறும் கதை சுவையானது. பாண்டவர் துறக்கம் நோக்கிச் சென்ற இறுதிப் பயணத்தில், திரௌபதி மயங்கி வீழ்ந்தாள். மற்றையோர் சென்றுவிட்டனர். அவள் விழித்தபோது எதிரே திமிராசுரன் நின்றான். அன்னை ஆதிசக்தியின் வடிவம் கொண்டு, தன் மேனியினின்று வீரகுமாரரைப் படைத்து, அவனை அழித்தாள். பின்னர் அவள் விண்ணுலகம் செல்லப் புறப்பட்டபோது, தாயைப் பிரியமாட்டாத மைந்தர் அழுது வேண்டினர். ஆண்டுதோறும் ஒருமுறை வருவேன் என்று அன்னை வாக்களித்தாள். அவ்வாக்கின்படி அவள் வந்து தங்கும் இடமே கரகம்.

திமிரம் என்பது இருளைக் குறிக்கும் சொல். தனித்து விடப்பட்ட ஒருத்தி இருளைக் கண்டு அஞ்சாது நின்றாள் என்பதே இக்கதையின் உட்பொருள். தாய் கண்ணுக்குத் தோன்றவில்லை. அவள் தந்த சொல் மட்டுமே மக்களிடம் இருக்கின்றது. அச்சொல்லை நம்பி ஆண்டுதோறும் வாயிலிற் காத்து நிற்கின்றனர் மைந்தர்.

கைதொடாத சுமை

சைத்திர மாதத்து முழுமதி நாளன்று, நள்ளிரவு கடந்த பின்னர் கோயிலினின்று கரகம் புறப்படும். அதனைச் சுமக்கும் பூசாரி பெண்கோலம் பூண்டு, வளையலும் தாலியும் குங்குமமும் அணிந்து வருவார். மட்கலத்தின்மேல் மல்லிகைப் பூவாற் கோபுரம்போல் உயர்ந்த அலங்காரம் இருக்கும். கூட்டம் கோவிந்த நாமம் முழங்கும். அவரோ கரகத்தைக் கையால் தொடுவதில்லை. ஒரு கையிற் குறுவாள், மற்றொரு கையிற் கோல். நெரிசல் மிக்க வீதிகளில் விடியுமளவும் நடந்தும் விரைந்தும் அவர் செல்ல, கலம் தலைமேல் தானே நிற்கின்றது.

அவரைச் சூழ்ந்து வீரகுமாரர் உருவிய வாளுடன் வருவர். வாளைத் தம் மார்பிலே மோதும் அவர்தம் தொண்டினை 'அலகு சேவை' என்பர். அலகு என்பது படைக்கலத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே அன்றோ? கரகம் கீழே வீழுமாயின் சுமப்பவரை அவ்வாளுக்கே இரையாக்க வேண்டும் என்பது மரபு கூறும் விதி. அவ்வாறு நேர்ந்ததில்லை என்றே அம்மக்கள் பெருமையுடன் கூறுவர்.

கலத்தினுள் இருப்பது யாது? மறைபொருளாகவே அது காக்கப்பட்டு வருகின்றது. காண்போரும் திறந்து காட்டுக என்று கேட்பதில்லை. தில்லையிலே திரைக்குப் பின்னே வெட்டவெளியைக் காட்டி இரகசியம் என்று வணங்கும் தமிழர்க்கு இது விளங்காததன்று.

இஃது அறியாமை என்று எளிதில் ஒதுக்கலாமோ? கரகம் எடுப்பவர் பல நாள் நோன்பிருக்கின்றார். இல்லம் துறந்து கோயிலிலே தங்குகின்றார். உடலைப் பயிற்சியால் உரமாக்குகின்றார். கையை விட்டபின்பும் கலம் நிற்பது அப்பயிற்சியால் அன்றோ? உழைப்பு இல்லாத நம்பிக்கை வெறும் ஆசை. உழைக்கவேண்டிய அளவும் உழைத்து, அதற்குமேல் நிகழ்வதை இறைவனிடம் ஒப்புவித்துக் கையை எடுத்துவிடுதலே நம்பிக்கை. தோட்டக்காரர் இதனை நன்கு அறிவர். விதையை மண்ணில் மறைத்து நீர் ஊற்றுவார், முளைத்ததா என்று நாள்தோறும் தோண்டிப் பார்ப்பதில்லை.

மறைந்த ஏரிகள்

கரகத்தின் சடங்குகள் நீர்நிலையோடு பிணைந்தவை. அவற்றுள் ஒன்றான பச்சைக் கரகம் சம்பங்கி ஏரியோடு தொடர்புடையது. அவ்வேரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவ விளையாட்டரங்கம் நிற்கின்றது. சடங்கிற்கென ஒரு சிறு குளமே எஞ்சியுள்ளது. தருமாம்புதி ஏரி பேருந்து நிலையம் ஆயிற்று. நகரத்தார் கண்ணுக்கு அரங்கமும் நிலையமும் தோன்றுகின்றன. கரகத்தைத் தொடர்ந்து செல்வோர் நெஞ்சில் அலைவீசும் ஏரி இன்னும் இருக்கின்றது. காணாததை நம்புதல் இங்கே நினைவைக் காக்கும் தொண்டாகவும் அமைகின்றது.

தவக்கல் என்னும் சொல்

கரகம் செல்லும் வழியில் காட்டன்பேட்டையிலே அசரத் தவக்கல் மஸ்தான் தர்கா உண்டு. கரகம் அங்குச் சென்று மரியாதை பெற்றே திரும்பும். விழாவின்போது காயமுற்ற அப்பெரியாருக்குக் கோயிற் குங்குமத்தால் நலம் வாய்த்தது என்றும், அது முதலாக இவ்வழக்கம் தோன்றியது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அவர் பெயரிலுள்ள 'தவக்கல்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பொருள், இறைவனிடம் முழுநம்பிக்கை வைத்தல் என்பதாகும். காணாத பொருளைச் சுமந்து வருவோரும், காணாத இறைவனை நம்பிய பெயரினரும் ஒரு வாயிலிற் சந்திப்பது எத்துணைப் பொருத்தம்! செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி கோயில்களிலும் முத்தால ராவுத்தர் என்னும் முசுலிம் வீரர் காவல்தெய்வமாக நிற்கின்றார். ஆதலின் இவ்வுறவு நேற்று முளைத்ததன்று.

பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் ஊர்வலம் இன்றிச் சடங்குகள் எளிமையாகவே நடந்தன. 2022ஆம் ஆண்டில் விழா மீண்டும் வீதிக்கு வந்தபோது, தர்காவுக்குக் கரகம் செல்லலாகாது என்று சிலர் குரல் எழுப்பினர். கோயிலாரும் தர்காவினரும் பழைய வழக்கையே போற்றினர். கரகம் வழக்கம்போற் சென்றது. கண்முன் நின்ற பகையைவிடக் காணாத நட்பை மெய்யென்று அவர்கள் துணிந்தனர். அத்துணிவும் ஆன்மிக வளர்ச்சியே ஆகும்.

நமக்குரிய பாடம்

புலம்பெயர்ந்த தமிழர் சென்றவிடமெல்லாம் திரௌபதி அன்னையும் உடன் சென்றிருக்கின்றாள். இலங்கையின் உடப்பிலும், சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலும் அவள் பெயரால் இன்றும் தீமிதி நிகழ்கின்றது. பொருளும் ஊரும் உடன்வாராத நிலையில், கண்ணுக்குத் தோன்றாத ஒன்றையே அவர்கள் மடியிற் கட்டிக்கொண்டு சென்றனர்.

திகளரின் பேச்சில் கன்னடம் பெரிதும் கலந்துவிட்டது. ஆயினும் அன்னை வருவாள் என்னும் நம்பிக்கை கலையவில்லை. நம் காலனிகளில் வளரும் மக்கள், தாத்தாவின் ஊரையும் ஆற்றையும் கண்டறியாதவர்கள். காணாத அவ்வேரை அவர்கள் எங்ஙனம் நம்புவர் என்று பெற்றோர் பலர் வருந்துகின்றனர். அறிவுரையால் மட்டும் அந்நம்பிக்கை வாராது. வீட்டிலே நாளும் தமிழ் ஒலிக்கட்டும். நோன்பும் விழாவும் அவற்றின் காரணத்தோடு நிகழட்டும். அண்டை வீட்டாரின் மொழியும் வழிபாடும் மதிப்புப் பெறட்டும். வரும் முழுமதி இரவில் மக்களை அழைத்துச் சென்று கரகத்தைக் காட்டுங்கள். உள்ளே என்ன இருக்கின்றது என்று குழந்தை கேட்டால், அன்னை தந்த வாக்கு இருக்கின்றது என்று கூறுங்கள்.