ஈய முத்திரையிலிருந்து ரேடியோ சில்லு வரை

முத்தியால்பேட்டைன்னு சொன்னா சென்னைக்காரங்க ஜார்ஜ் டவுனைத்தான் நினைப்பாங்க. நான் சொல்றது எங்க புதுச்சேரி முத்தியால்பேட்டை. நகரத்துக்கு வடக்கே, மணிக்கூண்டு இருக்கற, நெசவாளர் வாழ்ந்த பேட்டை. இங்கேருந்து ஆரம்பிச்சு ரேடியோ அலை வரைக்கும் போகப் போறேன். கொஞ்சம் சுத்து வழிதான், பொறுத்துக்கோங்க :-)

முதல்ல ஒரு சின்ன வேலை. பெரிய கடையில வாங்கின சட்டையோட விலை அட்டை கையில இருந்தா வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. சிலதுல உள்ள கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு அலுமினியக் கோடு தெரியும். நடுவுல கடுகை விடச் சின்னதா ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லு. கோடு ஆன்டெனா. பேட்டரி எல்லாம் கிடையாது. கடைக்காரர் கையில இருக்கற ரீடர் ரேடியோ அலையை அனுப்பும். அந்த அலையில இருக்கற சக்தியிலேயே சில்லு முழிச்சுக்கிட்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லிட்டு மறுபடி தூங்கிடும்.

பார்கோடு இருக்கும்போது இது எதுக்குன்னு கேப்பீங்க. ரெண்டு வித்தியாசம். பார்கோடை ஒவ்வொண்ணா கண்ணுல காட்டணும். இதை மூடின அட்டைப்பெட்டிக்கு வெளியே நின்னே, ஒரு நொடியில நூத்துக்கணக்குல படிக்கலாம். அடுத்தது, ஒரே ரகம், ஒரே சைஸ் சட்டை ஆயிரம் இருந்தாலும் எல்லாத்துக்கும் பார்கோடு ஒண்ணுதான். சில்லுல ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனி எண். ராத்திரி முழுக்கக் கடையைச் சாத்தி வெச்சு ஸ்டாக் எடுத்த காலம் போய், ஒரு ஆள் ரீடரோட நடந்தாலே கணக்கு முடிஞ்சுது.

இது ஏதோ புதுசுன்னு நினைக்காதீங்க. துணிமேல அடையாளம் போட்டு அது எங்க போகுதுன்னு பாக்கற பழக்கம் எங்க ஊருக்கு முன்னூறு வருஷப் பழசு.

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1674-ல புதுச்சேரியில காலூன்றினது முக்கியமா துணிக்காகத்தான். ஆனா நம்ம ஊர்த் துணி அங்க போய் பிரெஞ்சு நெசவாளிங்க பிழைப்புல கைவெச்சது. 1686-ல சாயத்துணி, அச்சுத்துணிக்கு பிரான்சுல தடை. 1759-லதான் அது நீங்கிச்சு. நடுவுல கம்பெனி கொண்டுவந்த வெள்ளைத் துணிக்கு மட்டும் அனுமதி. அப்ப எது கம்பெனி சரக்கு, எது கள்ளச் சரக்குன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் துணியில ஈய முத்திரை. கம்பெனி சின்னம் பதிச்ச சின்ன ஈய வில்லை. முத்திரை இல்லாத துணி மாட்டினா பறிமுதல். வட அமெரிக்காவுல பழைய பிரெஞ்சுக் குடியிருப்புகளைத் தோண்டினப்ப இந்த மாதிரி வில்லைகள் மண்ணுக்குள்ள கிடைச்சிருக்கு. துணி மக்கிப் போச்சு, டேக் மட்டும் மிச்சம்.

அடுத்தது நீலத்துணி. பிரெஞ்சுக்காரங்க 'கினே'ன்னு சொன்ன, அவுரிச் சாயம் தோய்ச்ச துணி. புதுச்சேரியிலேருந்து பிரான்சு வழியா ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு. அங்க அதைக் கொடுத்து கருவேலம் பிசின் வாங்கினாங்க. துணியே காசு மாதிரி புழங்கிச்சு. ஐரோப்பாவுல போலி நெஞ்சு பாத்தாங்க, அங்க உள்ளவங்க தொட்டும் மோந்தும் பாத்தே ஒதுக்கிட்டாங்களாம். 1840-கள்ல பிரெஞ்சு அரசே தலையிட்டு, நீளம், எடைக்கு விதி வெச்சு, முத்திரை குத்தணும்னு சொல்லிச்சு. காசு மாதிரி புழங்கற பொருளுக்கு நாணயச்சாலை முத்திரை வேணும்ல!

இப்ப நேரா 2003-க்கு வாங்க. அந்த வருஷம் மார்ச்சுல, பெனட்டன் துணிகள்ல ஒண்ணரைக் கோடி சில்லு வைக்கப் போறதா பிலிப்ஸ் அறிவிச்சுது. 'நான் போட்டிருக்கற சட்டை என்னைக் காட்டிக் கொடுக்குமா'ன்னு அமெரிக்காவுல புறக்கணிப்புப் போராட்டம் கிளம்பிச்சு. அடுத்த மாசமே பெனட்டன், இன்னும் முடிவு பண்ணலைன்னு பின்வாங்கிடுச்சு. அதே வருஷம் இங்கிலாந்துல மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஹை விக்கம் கடையில, வெட்டிப் போட்டுடற மாதிரி அட்டையில வெச்சு சோதனை பண்ணிச்சு. அது நின்னுது. 2014-லேருந்து ஜாராவும் பெரிய அளவுல இறங்கிச்சு. நம்ம நாட்டுல 2005-ல 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இதுக்காக உரிமம் இல்லாம திறந்துவிட்டாங்க. இன்னிக்கு வாங்கற கம்பெனி கேட்டா, திருப்பூர்ல தைச்சு மடிச்சு பெட்டி கட்டும்போதே சில்லும் ஏறிடுது.

ஈயம், மை முத்திரை, சில்லு. மூணையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணு உறுத்துது. மூணும் சரக்கு யாரோடது, எங்க இருக்குன்னுதான் சொல்லுது. நெஞ்சது யாருன்னு எதுவுமே சொல்லலை. முன்னூறு வருஷமா முத்தியால்பேட்டைத் தறியில உக்காந்தவங்க பேர் எந்த டேக்லயும் ஏறலை. 1898-ல தொடங்கின ரோடியர் மில், அதாவது எங்க ஏ.எஃப்.டி., 2020-ல மூடியே போச்சு. அங்க தறி ஓட்டினவங்க பேர் எந்தத் துணியில இருக்கு?

முடியாதுன்னு இல்லை. தமிழ்நாட்டுல கோ-ஆப்டெக்ஸ், சகாயம் ஐ.ஏ.எஸ். நிர்வாகத்துல இருந்த காலத்துல, புடவையோட நெசவாளர் போட்டோவும் பேரும் போட்ட அட்டையைச் சேர்த்து வித்தாங்க. சாதாரண காகித அட்டை. ரேடியோவும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

சில்லுல இருக்கறது வெறும் எண். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்ங்கறது கம்பெனி கம்ப்யூட்டர்ல ஒரு வரிசையில இருக்கு. ரகம், சைஸ், நிறம், கிடங்குன்னு கட்டங்கள். அதுல 'நெசவாளர்'னு இன்னொரு கட்டம் சேக்க செலவு பெருசா இல்லை. யாராவது கேக்கணும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 ஜூலையில நடைமுறைக்கு வந்த சட்டம், பொருளுக்கு 'டிஜிட்டல் பாஸ்போர்ட்' வேணும்னு சொல்லுது. துணி முதல் வரிசையில இருக்கு. எதை எழுதணும்னு அங்க தீர்மானிக்கற இந்த நேரத்துலயாவது, நெஞ்சவங்க பேர் ஏறணும்னு நம்ம பக்கத்துலேருந்து குரல் போகணும்.

உங்க ஊர்லயும் தறி இருந்திருக்கும். அங்க துணிக்கு என்ன அடையாளம் போட்டாங்க, யார் போட்டாங்கன்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.