பிள்ளை பெற்ற தாயின் மனத்தையும் கவனிப்போம்

தாப்பா – பிள்ளை பெற்ற வீட்டில் முதல் முப்பது நாளும் பரபரப்புதான். பத்தியச் சோறு, பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, வெந்நீர்க் குளியல் என்று தாயின் உடம்பைத் தேற்ற எல்லாரும் ஓடியாடுவார்கள். பார்க்க வருகிறவர்கள் குழந்தையின் எடையைக் கேட்பார்கள், தாய்ப்பால் போதுமா என்று கேட்பார்கள். "ராத்திரி தூங்கினியாம்மா, மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பவர்கள் குறைவு.

பெண் தாயாக மாறும் காலத்துக்கு மானிடவியல் அறிஞர் டானா ரஃபேல் 1973-இல் 'மெட்ரசென்ஸ்' என்று பெயரிட்டார். உடல், உறவு, வேலை, தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் ஒருசேர மாறும் காலம் அது. அந்த மாற்றத்தில் தடுமாறுவது தாயின் குறையாகாது.

மூன்று நிலைகள்

முதலாவது, பிரசவமான சில நாளில் வரும் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும். பல தாய்மாருக்கு இது வரும். இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும்.

இரண்டாவது, மனச்சோர்வு. இரண்டு வாரம் கடந்தும் சோகம் தீராது. குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பசி இருக்காது, குழந்தைமீது ஒட்டுதல் வராது, 'நான் நல்ல தாயில்லை' என்ற எண்ணம் விடாது. கர்ப்பமாக இருக்கும்போதே இது தொடங்குவதும் உண்டு. இரத்தச் சோகை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் இரத்தப் பரிசோதனை உதவும்.

மூன்றாவது, ஆயிரம் தாய்மாரில் ஓரிருவருக்கு வரும் கடுமையான மனநோய். இல்லாத குரல் கேட்கும், பேச்சு குழம்பும். இது அவசர நிலை. தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

உலகில் கர்ப்பிணிகளில் சுமார் 10 விழுக்காட்டினரும், பிள்ளை பெற்றவர்களில் 13 விழுக்காட்டினரும் மனநலச் சிக்கலுக்கு ஆளாவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மலேசியாவில் 2016 தேசியச் சுகாதார ஆய்வு, பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு 4.4 விழுக்காடு எனக் காட்டியது.

லயமும் தாமானும்

தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டு அக்காவோ பாட்டியோ குழந்தையைத் தூக்கிக்கொள்வார்கள். தாய் பால்மரம் வெட்டப் போனால் ஆயாக் கொட்டகை இருந்தது. அன்றும் மனச்சோர்வு இருந்தது. அதைக் காற்று, கருப்பு என்று சொல்லிப் பூசாரியிடம் அழைத்துப் போனார்கள். இன்று தாமான் வீட்டில் கணவர் வேலைக்குப் போனபின் பல தாய்மார் கைக்குழந்தையோடு தனியாகவே இருக்கிறார்கள்.

எங்கே சொல்வது?

பிரசவத்துக்குப் பின் அரசாங்கக் கிளினிக் தாதியர் வீட்டுக்கு வருவார்கள். குழந்தையைக் காட்டும்போது தன் நிலையையும் தாய் அவர்களிடம் சொல்லலாம். 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலில் பத்துக் கேள்விகள்தான். கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று கேட்கும். அது நோயை முடிவு செய்யாது. யாரை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று காட்டும். தாப்பாவில் கிளினிக், மருத்துவமனை இரண்டுமே பக்கத்தில் உள்ளன.

பலரின் வாயை அடைப்பது 'தஞ்சோங் ரம்புத்தான்' என்ற பேச்சு. 1911 முதல் அங்கு இயங்கும் மனநல மருத்துவமனையின் பெயரையே நாம் கேலிச்சொல்லாக்கிவிட்டோம். பேறுகால மனச்சோர்வு உள்ள பெரும்பாலோர் வீட்டிலிருந்தே ஆலோசனையாலும் மருந்தாலும் குணமாகிறார்கள். பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது. தற்கொலைக்கு முயல்வது 2023 முதல் நம் நாட்டில் குற்றமன்று. போலீசுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை.

குடும்பம் செய்யக்கூடியது

2023 ஜனவரி 1 முதல் மகப்பேறு விடுப்பு 98 நாள். தனியார் துறையில் தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள். அந்த ஏழு நாளை விருந்தாளிகளை உபசரிப்பதிலேயே கழிக்காமல், இரவில் ஒருமுறை குழந்தையைத் தந்தை தூக்கிக்கொண்டால் தாய் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கலாம். மாமியாரும் அம்மாவும், "நாங்களெல்லாம் பெத்து வளர்க்கலையா?" என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர்த்தாலே பாதிச் சுமை இறங்கும்.

மனம் விட்டுப் பேச ஹீல் 15555, தாலியான் காசே 15999 ஆகிய எண்களை அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999.