செம்மண் கரையில் ஒரு பாடம்

ஐந்திணைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், எங்கட மன்னார் எந்தத் திணை?" என்று கேட்டான்.

"கடலோரம் அல்லவா? நெய்தல்" என்றேன்.

"கடல் மட்டுமா சேர் இருக்கு? மாதக்கணக்கா மழையில்லை. உடைமுள்ளும் மணலுந்தானே!"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்பது இளங்கோவடிகள் தரும் விளக்கம். நெய்தலும் பாலையும் ஒன்றாய்க் கிடக்கும் நிலத்துக்கு என்ன பெயர் சொல்வது? இடமாற்றம் பெற்று இங்கு வந்த நாளில், "பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கேள்விக்கு விடையை இந்த நிலமே பின்னர் எனக்குச் சொல்லித் தந்தது.

மன்னாருக்குத் தெற்கே, முள்ளிக்குளமும் கடந்து, வில்பத்துக் காடு கடலைத் தொடும் முனையில் குதிரைமலை இருக்கிறது. மலை என்பது பெயரளவில்தான். கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் செம்மண் மேடு அது. அடியில் சுண்ணக்கல், மேலே இரும்புச்சத்துத் துருவேறிச் சிவந்த மணல். அலை அடியை அரிக்கிறது. மாரிமழை மேலிருந்து வாய்க்கால் வெட்டுகிறது. இப்படிச் செதுங்கிய கரையில் மாலை வெயில் விழும்போது தீப்பற்றியது போலிருக்கும். எதிர்க்கரையில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் 'தேரி' மணலும் இதே செந்நிறந்தான்.

இந்த நிறம் வரலாற்றிலும் படிந்திருக்கிறது. விஜயனுடன் வந்தவர்கள் தரையில் கையூன்றி அமர்ந்தபோது கைகள் செம்புநிறமாயின என்றும், அதனாலேயே 'தம்பபண்ணி' என்ற பெயர் வந்தது என்றும் மகாவம்சம் கூறுகிறது. அந்த இடம் குதிரைமலைப் பக்கமே என்று கருதுவோர் உண்டு. ரோமப் பேரரசன் குளோடியஸின் காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், செங்கடல் வரி வசூலோடு தொடர்புடைய அன்னியஸ் புளோக்காமஸ் என்பவனின் ஆள் ஒருவன் காற்றில் அடிபட்டு 'ஹிப்புரோஸ்' என்ற இலங்கைத் துறையை அடைந்தான் என்று பிளினி எழுதினார். 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. அந்தத் துறை குதிரைமலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

சென்ற ஆண்டு மாணவர்களை அரிப்புக்கு அழைத்துச் சென்றேன். பிரித்தானிய ஆட்சியின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிடுவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். பெயர் 'டொரிக்'. ஊரார் அதை அல்லிராணியோடு சேர்த்துப் பேசுகிறார்கள். மாளிகை நின்ற கரையைக் கடல் கொஞ்சங் கொஞ்சமாக அரித்துத் தின்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கனவே விழுந்துவிட்டது. எஞ்சிய செங்கற் சுவர்கள் விளிம்பில் நிற்கின்றன.

கேள்வி கேட்ட அதே மாணவன் கரையில் கையூன்றி எழுந்தான். உள்ளங்கையில் செம்புழுதி. "சேர், விஜயனின்ட ஆட்கள்!" என்று கையை விரித்துக் காட்டினான். எல்லாரும் சிரித்தோம். இம்முறை நானுந்தான்.

பிறகு அவர்கள் ஒரு சுவரிலிருந்து விளிம்புவரை அடியெண்ணி அளந்து கொப்பியில் குறித்துக்கொண்டார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு போய் அளக்கவேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். அலையைத் தடுக்கும் வலிமை எங்களுக்கில்லை. ஆனால் ஒன்றுமில்லாத இடம் என்று எண்ணிவிட்டால், இழந்ததைக்கூட அறியாமல் இழப்போம். எண் குறையும் ஒவ்வொரு முறையும் அதை அறிந்தவர்கள் நாற்பது பேராவது இருப்பார்கள்.

மன்னார் எந்தத் திணை என்ற கேள்விக்கு இன்னும் நான் விடை சொல்லவில்லை. அந்த வினாவை அடுத்த வகுப்புக்கும் வைத்திருக்கிறேன்.