பாதாமும் முட்டையும்

சைவம் சாப்பிட்டே உடம்பை ஏற்றலாம் என்கிறார்கள். பொய்யில்லை. வட இந்திய அகாராக்களில் பல பயில்வான்கள் பால், நெய், பாதாம் தின்றே தசை வளர்த்தார்கள். ஆனால் அவர்களில் பலருக்குப் படியளந்தவர்கள் ராஜாக்களும் ஜமீன்தார்களும். எங்கள் பாட்டன்களுக்கு யார் பாதாம் அளந்தார்கள்?

கூலியாகக் கிடைத்தது நெல். அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு; பருப்பு சேர்ந்தால்தான் குறை தீரும். பருப்புக்குக் காசில்லாத சேரியின் உடம்பைத் தாங்கியவை மாட்டுக்கறியும் நத்தையும் வயல் நண்டும்தான். அதையே காட்டி எங்களைத் தீட்டு என்றார்கள். தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை 1948-இல் வந்த தன் நூலில் அம்பேத்கர் விரிவாக ஆராய்ந்தார்.

தமிழ்நாட்டுச் சத்துணவில் 1989-இல் முட்டை வந்தது, அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஐந்தாக 2010 வரை காத்திருந்தோம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகிறார்கள். அதில் 1 கிராம்தான் தேறும். நியாயமாக அந்தப் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் கூடுதலாகத் தர வேண்டும். நாங்கள் சைவத்துக்கு எதிரிகள் அல்ல.

மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிகளுக்கு முட்டை தரும் யோசனை வந்தது. முதல்வர் சிவராஜ் சிங் சௌகான் மறுத்துவிட்டார். அங்கே மெலிந்து கிடந்தவை பழங்குடி, தலித் பிள்ளைகள். முட்டை வேண்டுமா என்று அவர்களின் தாய்மாரைக் கேட்டிருக்கலாம்.